சீரியல் எக்ஸ்பெரிமெண்ட்ஸ் லெய்ன்: ஆழமா, இழுவையா?

மதுரை_மாங்கா
ரீல்ஸ்ல எங்க பார்த்தாலும் "டூவே" பாட்டு. போவாங்கிற பிரிட்டிஷ் பேண்டு பாடினது. அது 1998ல வந்த ஒரு அனிமேவோட, அதாவது ஜப்பான் அனிமேஷன் தொடரோட, ஓப்பனிங்னு தெரிஞ்சதும் சீரியல் எக்ஸ்பெரிமெண்ட்ஸ் லெய்ன் பார்க்க உட்கார்ந்தேன். மொத்தமே 13 எபிசோட், ஒரே மூச்சுல முடிச்சிடலாம்னு பார்த்தா அஞ்சாவதுலயே நொண்டுது.

கதை தெரியாதவங்களுக்கு: லெய்ன் ஒரு ஸ்கூல் பொண்ணு, யார்கூடயும் ஒட்டாதவ. அதே ஸ்கூல்ல படிச்ச சிசா மாடியிலிருந்து குதிச்சு செத்துப்போறா. ஒரு வாரம் கழிச்சு, செத்தவகிட்டயிருந்து மத்த பிள்ளைங்களுக்கு மெயில் வருது. உடம்பைத்தான் விட்டேன், நான் இங்கதான் இருக்கேன்னு. எப்பேர்ப்பட்ட ஆரம்பம்! அதுக்கப்புறம்? கரண்ட் கம்பி. லெய்ன் நடக்கிறா. கரண்ட் கம்பி. ரயில்ல நிக்கிறா. மறுபடியும் கரண்ட் கம்பி. யாராவது ஏதாவது கேட்டா "ம்?"னு சொல்லவே அரை நிமிஷம் ஆகுது. இதை மாஸ்டர்பீஸ்னு சொல்றவங்க கொஞ்சம் விளக்குங்கப்பா. "உனக்குப் புரியல"ன்னு மட்டும் ஆரம்பிக்காதீங்க.

கேபிள்_பூச்சி
தலைவரே, அந்தக் கம்பிதான் ஷோவே. மொபைல் ஸ்பீக்கர்ல பார்த்தீங்களா? ஹெட்ஃபோன் போட்டுப் பாருங்க. கம்பி வர்றப்பல்லாம் ஒரு ரீங்காரம் இருக்கும். தெருவில நிழல் விழுற இடத்தைக் கவனிங்க, கறுப்பா இருக்காது, உள்ள ரத்தக்கறை மாதிரி திட்டுத்திட்டா ஏதோ தெரியும். வயர்டுன்னு அவங்க சொல்ற நெட்வொர்க் ஊருக்கு மேலயே ஓடிக்கிட்டு இருக்கு, யாரும் தலை நிமிர்ந்து பார்க்கல. இதை வசனத்துல சொன்னா பத்து செகண்ட்ல முடிஞ்சிரும், உங்களுக்கு ஒட்டவும் ஒட்டாது.

வீட்டுக் காட்சிகளும் அப்படித்தான். அம்மா அவளை ஏறெடுத்துக்கூடப் பார்க்க மாட்டாங்க. அப்பா நாலஞ்சு மானிட்டர் வெளிச்சத்துல உட்கார்ந்து தனக்குத்தானே சிரிச்சுக்குவாரு. ஏன் இப்படி மரக்கட்டை மாதிரி ஒரு குடும்பம்னு எரிச்சல் வரும். பத்தாவது எபிசோட் வரைக்கும் அந்த எரிச்சலை வெச்சுக்கோங்க, அப்பா வந்து பேசுவாரு. இதுக்கு மேல சொல்ல மாட்டேன்.

அரைகுறை_ஆராய்ச்சி
பூச்சி சொல்றது பாதி சரி. மீதிப் பாதிக்குப் பேர் பட்ஜெட்.

டிவி டோக்கியோவில நடுராத்திரி ஸ்லாட்ல வாராவாரம் போன தொடர் இது. ஒரே ஷாட்டை எடுத்து வெச்சுக்கிட்டு திரும்பத் திரும்பப் போடுறது, அசையாத படத்து மேல சத்தத்தை மட்டும் ஓட்டுறது, இதெல்லாம் 1963ல தெசுகாவோட ஆஸ்ட்ரோ பாய் காலத்திலிருந்து ஜப்பான் டிவி அனிமே செய்ற சிக்கனம். திறமைசாலி கையில அது ஸ்டைலாகும், இயக்குநர் ரியூதாரோ நகாமுரா திறமைசாலிதான், மறுக்கல. ஆனா ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு தத்துவம் இருக்குன்னு சத்தியம் பண்றது கொஞ்சம் ஓவர். பதினொன்னாவது எபிசோட்ல பாதி நேரம் பழைய காட்சிகளை வெட்டி ஒட்டி, மேல மியூசிக் ஓட்டியிருப்பாங்க. அதுக்கும் "லெய்னோட நினைவு ஓட்டம்"னு விளக்கம் கொடுக்க இங்க ஆள் வரும் பாருங்க.

ஒன்பதாவது அதைவிட மோசம். ராஸ்வெல், பறக்கும் தட்டு, வன்னெவர் புஷ் கற்பனை பண்ண மெமெக்ஸ்ங்கிற தகவல் மெஷின், டெட் நெல்சனோட சனடூங்கிற ஹைப்பர்டெக்ஸ்ட் திட்டம், டால்ஃபின் ஆராய்ச்சி பண்ண ஜான் லில்லி, பூமியைச் சுத்தி இருக்கிற ஷூமன் மின்காந்த ஒத்ததிர்வுன்னு வரிசையா பாடம். விக்கிப்பீடியா வர்றதுக்கு மூணு வருஷம் முன்னாடியே விக்கிப்பீடியா படிச்சுக் காட்டிட்டாங்க.

கேபிள்_பூச்சி
பதினொன்னு நினைவு ஓட்டம்தான் 😄

பட்ஜெட் கம்மியா இருந்துச்சுங்கிறதால அந்த முடிவு கலை முடிவு இல்லன்னு ஆயிடுமா? கைக்காசு கம்மின்னா எதைக் காட்டணும்னு யோசிச்சுத்தானே ஆகணும். சண்டைக் காட்சியைச் சிக்கனமா எடுத்திருந்தா சிரிப்பா போயிருக்கும். இவங்க வெறும் தெருவைக் காட்டினாங்க, 1998ல பார்த்தவனும் பயந்தான், இன்னிக்குப் பார்க்கிறவனும் பயப்படுறான்.

மாங்கா, அஞ்சாவதுல லெய்னோட அக்கா மிகாவோட கதையைப் பார்த்தீங்கல்ல? ரோட்டுல டிஷ்யூ பாக்கெட் கொடுக்கிறாங்க, அதில தீர்க்கதரிசனத்தை நிறைவேற்றுன்னு எழுதியிருக்கு. ஹோட்டல்ல கொட்டின பானம் மேஜை மேல அதே எழுத்தா ஓடுது. வீட்டிலேயே நார்மலா இருந்த ஒரே ஆள் அவதான். அந்த எபிசோடுக்கு அப்புறம் அவளுக்கு என்ன ஆகுதுன்னு பாருங்க. நிதானமா நாலு எபிசோட் போனதாலதான் அங்க வயித்தைக் கலக்குது.

நிலா_ரசிகை
நீங்க ரெண்டு பேரும் கம்பியை விட்டு இறங்கவே இல்லையே. வேகம் பத்தின சண்டையே இந்த ஷோவுக்குப் பொருந்தல. இதோட உயிர் ஆலிஸ். லெய்ன்கிட்ட அன்பா பேசுற ஒரே க்ளாஸ்மேட்.

எட்டாவது எபிசோட். ஆலிஸுக்கு ஒரு டீச்சர் மேல ஆசை. யார்கிட்டயும் சொல்லாத, மனசுக்குள்ள மட்டும் வெச்சிருந்த அந்தரங்கம் அது. ஒருநாள் க்ளாஸுக்குள்ள நுழையறா, எல்லாரும் திரும்பிப் பார்க்கிறாங்க. பரப்பினது லெய்ன்தான்னு பேச்சு. உண்மையில பரப்பினது வயர்டுல இருக்கிற இன்னொரு லெய்ன், அது இவளுக்கே கட்டுப்படாதவ. ஜப்பான்ல செல்போன்ல இணையம்னு ஐ-மோட் சேவை வந்ததே 1999 பிப்ரவரியில. இந்தத் தொடர் ஓடினது 1998 ஜூலையிலிருந்து செப்டம்பர் வரைக்கும். ஸ்க்ரீன்ஷாட் எடுத்து க்ரூப்ல போட்டு ஒரு பொண்ணு வாழ்க்கையை நாசம் பண்ற வேலை அப்ப ஊருக்கே அறிமுகமாகல. சைபர்பங்க்ங்கிற கம்ப்யூட்டர் யுகக் கதைன்னாலே நியான் லைட்டும் இரும்புக் கையும்னு இருந்த காலத்துல, ஒரு க்ளாஸ்ரூம் வதந்தியை எடுத்து மையத்துல வெச்சாங்க பாருங்க, அதுக்குத்தான் நான் கும்பிடு போடுவேன். நைட்ஸ்ங்கிற ஹேக்கர் கோஷ்டி, கண்ணுல லேசர் வெச்ச கறுப்பு கோட்டுக்காரங்க, இவங்கெல்லாம் இல்லாம இருந்தாலும் எனக்கு ஒண்ணும் குறையல.

மதுரை_மாங்கா
நிலா அக்கா சொன்னதுக்காகவே எட்டு வரைக்கும் வந்துட்டேன். க்ளாஸ்ரூம் காட்சியில போனைக் கீழ வெச்சுட்டேன், ஒத்துக்கிறேன். என் கேள்வி அப்படியேதான் இருக்கு. இவ்வளவு நல்ல சரக்கைக் கையில வெச்சுக்கிட்டு ஏழு எபிசோட் எதுக்குக் காக்க வைக்கணும்? ஆலிஸை மூணாவதுலயே இன்னும் கொஞ்சம் பக்கத்துல காட்டியிருந்தா நான் அஞ்சுல நொண்டியிருக்க மாட்டேன்.

கருவாடு_98
உள்ள வரலாமா? 😄 லெய்னையே இழுவைங்கிறவர், தயவுசெஞ்சு டெக்னோலைஸ்ங்கிற அனிமே பக்கம் போயிடாதீங்க. 2003, 22 எபிசோட். இதே தயாரிப்பாளர் உவேதா, எழுதினது இதே கோனாகா, கேரக்டர் டிசைன் இதே யோஷிதோஷி அபே. முதல் எபிசோட்ல பாதி ஓடுற வரைக்கும் பேச்சுன்னு ஒண்ணு கிட்டத்தட்ட கிடையாது. லெய்ன் அதுக்கு முன்னாடி மசாலாப் படம்.

இன்னொண்ணு, கம்ப்யூட்டர் பைத்தியங்களுக்காக: லெய்னோட நவியில, அதாவது அவ கம்ப்யூட்டர்ல, ஓடுறது கோப்லாண்ட் ஓஎஸ். ஆப்பிள் 1996லயே கைவிட்ட சிஸ்டம் அது. கதைக்கு இதால ஒரு பைசா பிரயோஜனம் இல்ல, எனக்கு மட்டும் சந்தோஷம்.

அரைகுறை_ஆராய்ச்சி
உவேதா பேரைக் கருவாடு எடுத்ததால ஒண்ணு சொல்றேன். அமெரிக்கக் கலாச்சாரத்துக்கு எதிரான ஒரு கலாச்சாரப் போர்னு இந்தத் தொடரைப் பத்திப் பேட்டியில சொன்னவர் அவர். ஜப்பான்காரனும் அமெரிக்காக்காரனும் இதை வேற வேற மாதிரி புரிஞ்சுக்குவாங்க, அதில ஒரு கருத்து மோதல் வரும்னு எதிர்பார்த்தாரு. அமெரிக்காவிலயும் கிட்டத்தட்ட அதே விளக்கத்தைச் சொன்னதும் அவருக்கு ஏமாற்றம். அதனால "சரியா புரிஞ்சுக்கிட்டேன்"னு நெஞ்சை நிமிர்த்துற ரசிகரைவிட, பாதியில எரிச்சலாகித் திட்டுற மாங்காதான் அவருக்குப் பிடிச்ச ஆளா இருப்பாரு.

நிலா_ரசிகை
அது நல்லா இருக்கு. ஆனா என் குறையை இன்னும் யாரும் தொடல. இந்த ஷோ பேசாம இருக்கிற வரைக்கும் எனக்கு எந்தப் பிரச்சினையும் இல்ல. பேச ஆரம்பிச்சதும்தான் சறுக்குது. வயர்டு ஓடுற விதிமுறையான ப்ரோட்டோகால் ஏழுக்குள்ள தன்னையே ஒளிச்சு வெச்சுக்கிட்ட விஞ்ஞானி எய்ரி மசாமி வந்து நான்தான் கடவுள்னு நிக்கிறான்ல, அங்கிருந்து ஒரே லெக்சர். அதுவரைக்கும் நாமளா பயந்துக்கிட்டு இருந்ததை ஒருத்தன் வந்து பாயிண்ட் பாயிண்டா விளக்குறான். பயம் போச்சு.

பன்னிரண்டாவதை அதனாலயே ஆலிஸ்தான் தூக்கி நிறுத்துறா. ரூம் முழுக்க மெஷின், வயருக்கு நடுவில லெய்ன், உடம்பெல்லாம் தேவையே இல்லங்கிறா. ஆலிஸ் வாதாடல. லெய்ன் கையை எடுத்துத் தன் நெஞ்சு மேல வைக்கிறா, துடிக்குதுல்லன்னு காட்டுறா. எய்ரியோட அத்தனை பேச்சும் அந்த ஒரு செய்கையில அடிபட்டுப் போகுது.

கேபிள்_பூச்சி
எய்ரி லெக்சர் அடிக்கணும். கடவுள்னு சொல்லிக்கிறவன் இவ்வளவு பேசுறானேன்னு நமக்கு சந்தேகம் வரத்தான் அது. உனக்கு இந்த வேலையைக் கொடுத்தது யாருன்னு லெய்ன் கேட்டதும் வாய் அடைச்சுப் போகுது பாருங்க.

கடைசி எபிசோட்ல லெய்ன் எல்லார் நினைவிலிருந்தும் தன்னை அழிச்சுக்கிறாளே, அந்தத் தியாகத்தைப் பத்தி ஒரு வார்த்தையும் சொல்லலையே நீங்க. (மாங்கா, இதுக்குக் கீழ படிக்காதீங்க.)

நிலா_ரசிகை
தியாகம்னு எப்படிச் சொல்றீங்க? எட்டாவதுல வதந்தியை எல்லார் மண்டையிலிருந்தும் அழிச்சா. அப்ப ஆலிஸ் மட்டும் மறக்கல, பன்னிரண்டாவதுல ஏன் என்னை மட்டும் விட்டேன்னு கேட்டே அழறா. கடைசியில லெய்ன் அவளையும் சேர்த்து அழிச்சுடறா. ஆலிஸ்கிட்ட ஒரு வார்த்தை கேட்டாளா?

கேபிள்_பூச்சி
கேட்டிருந்தா ஆலிஸ் வேண்டாம்னுதான் சொல்லியிருப்பா. அதான் கேட்கல.

நிலா_ரசிகை
அதைத்தான் நானும் சொல்றேன்.