காசநோய்த் திட்டத்தில் விடுபடுவது ஆணா, பெண்ணா?

வைகைக்கரை:
காசநோய் ஒழிப்புக்கென்று ஒன்றிய சுகாதார அமைச்சகம் 2019-இல் பாலின நோக்கிலான, அதாவது ஆண்-பெண் தேவைகளைப் பிரித்துப் பார்க்கும், தேசியச் சட்டகம் ஒன்றை வெளியிட்டது. அதைப் பற்றிப் பேச்செடுத்தாலே பெண்களுக்குத் தனிக் கவனம் என்றுதான் பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில், 2023-இல் புதிதாக டிபி வந்தவர்களில் 55 சதவீதம் ஆண்கள், 33 சதவீதம் பெண்கள், மீதி குழந்தைகள். நோய் எங்கே அதிகமோ அங்கேதானே பணமும் ஆளும் போகவேண்டும்? மூட்டை தூக்குகிறவர், கட்டட வேலைக்குப் போகிறவர், பீடியும் குடியுமாக இருப்பவர், இவர்களைத் தேடிப் பிடிக்காமல் டிபி ஒழியாது.

ஈரோட்டுக்காரி:
எண்ணிக்கையில் எனக்குச் சண்டை இல்லை நண்பரே. பரிசோதனைக்கு வந்து நிற்கிற பெண்ணுக்கு என்ன நடக்கிறது என்று பாருங்கள். சளி கொடு என்று டப்பாவைக் கையில் கொடுப்பார்கள். நாலு பேர் பார்க்க காறித் துப்பக் கூச்சப்பட்டு, எச்சிலைத் துப்பிக் கொடுத்துவிட்டு வருவாள். நோய் இல்லை என்று முடிவு வரும். பாகிஸ்தானில் ராவல்பிண்டியில் இதைச் சோதித்தே பார்த்தார்கள், 2007-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. நெஞ்சிலிருந்து எப்படிச் சளி எடுப்பது என்று சும்மா சொல்லிக் கொடுத்ததற்கே, பெண்களில் கிருமி இருப்பதாகத் தெரிந்தவர்கள் 8 சதவீதத்திலிருந்து 13 ஆனார்கள். ஆண்களிடம் பெரிய வித்தியாசம் இல்லை. இதற்கு என்ன செலவு? இரண்டு நிமிடப் பேச்சு! கர்ப்பப்பையில் வருகிற டிபி சளியில் தெரியாது என்பது வேறு. குழந்தை இல்லை என்று ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்த பிறகுதான் பலருக்கு அது தெரியவருகிறது.

மருந்துக்கடை:
ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். டிபிக்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் மருந்தைச் சாப்பிட்டால் கருத்தடை மாத்திரை சரியாக வேலை செய்யாது. மாத்திரை வாங்க வருகிற பெண்களிடம் கேட்டால், பாதிப் பேருக்கு யாரும் இதைச் சொல்லியிருக்கவில்லை. அந்த மருந்தால் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும் என்பதையும் முன்கூட்டியே சொல்லவேண்டும். வீட்டுக்குத் தெரியாமல் டிபி மாத்திரை போடுகிற புது மருமகள் அதைப் பார்த்துப் பயந்து பாதியில் நிறுத்திவிடுவாள்.

வைகைக்கரை:
இதெல்லாம் செய்யவேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் ஏழை, நடுத்தர நாடுகளின் களக் கணக்கெடுப்புகளைத் தொகுத்து 2016-இல் ஓர் ஆய்வு வந்தது. ஆண்களிடம் நோய் இரு மடங்குக்கு மேல், கண்டுபிடிக்கப்படாமல் விடுபடுவதும் அவர்களிடம்தான் அதிகம் என்கிறது. காரணம் நமக்குத் தெரியாததா? ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் பகலில் போய் வரிசையில் நின்றால் அன்றைய கூலி போச்சு. இருமலோடு வேலைக்குப் போவான், ஒரு குவாட்டர் போட்டுவிட்டுப் படுப்பான், ரத்தம் துப்பும்போதுதான் ஆஸ்பத்திரி. இதுவும் பாலினப் பிரச்சினைதானே? ஏன் யாரும் அப்படிப் பேசுவதில்லை?

ஈரோட்டுக்காரி:
பேசவேண்டும், மாலை நேர மருத்துவமனை வேண்டும் என்று நானும் கேட்கிறேன். ஆனால் நீங்கள் சொல்லும் அந்த ஆணுக்குக் கஞ்சி காய்ச்சுவது யார்? ஆறு மாதம் மாத்திரையை நினைவூட்டுவது யார்? அவர் பக்கத்திலேயே இருக்கிற மனைவிக்கு இருமல் வந்தால் கேட்க நாதி இல்லை. டிபி நோயாளியின் சத்துணவுக்கு அரசு பணம் தரும் நிக்ஷய் போஷண் திட்டத்தில் நோயாளிக்கு மாதம் 500 ரூபாய் என்று 2018-இல் தொடங்கி, 2024 நவம்பரிலிருந்து 1000 ஆக்கியிருக்கிறார்கள். நோயாளி பெண்ணாக இருந்தால், அந்தப் பணத்தில் வாங்கும் முட்டை முதலில் யார் தட்டுக்குப் போகும் என்பது உங்களுக்கும் தெரியும். ஜார்கண்டில் நோயாளியின் குடும்பத்தார் எல்லோருக்கும் உணவுப் பொருள் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2023-இல் வந்தது. வீட்டில் மற்றவர்களுக்கு டிபி வருவது 39 சதவீதம் குறைந்தது. அப்புறம் ஏன் இன்னும் ஒருவர் கணக்கில் மட்டும் பணம் போட்டுக்கொண்டிருக்கிறோம்?

வைகைக்கரை:
சரி, வீட்டுக்கே உணவு கொடுப்பதை முழுமனதோடு ஏற்கிறேன். ஆனால் ஒரு வட்டாரத்துக்குக் கையில் தூக்கிப்போகும் எக்ஸ்ரே கருவி ஒன்றே ஒன்று இருக்கிறது என்று வையுங்கள். முதலில் லோடுமேன் ஷெட்டுக்கா, மகளிர் குழுக் கூட்டத்துக்கா?

ஈரோட்டுக்காரி:
காலையில் ஷெட்டுக்கு, வேலை தொடங்கும் முன்னால். யாருக்கெல்லாம் சந்தேகம் என்று படம் சொல்கிறதோ, அன்று மாலையே அவர்கள் ஒவ்வொருவர் வீட்டுக்கும். மனைவி, அம்மா, பிள்ளைகள் எல்லோரையும் பார்த்துவிட்டுத்தான் கருவி திரும்பவேண்டும்.