அடுத்த சனிக்கிழமை விஸ்லர் போக வேண்டும், யாராவது வழி சொல்லுங்கள்

வைகைக்கரை:
வணக்கம். ஆபீஸில் எல்லாரும் குடும்பத்தோடு அடுத்த சனிக்கிழமை ஸ்கீயிங், அதாவது பனிச்சறுக்கு, செய்ய வான்கூவரிலிருந்து விஸ்லர் மலைக்குப் போகிறார்கள். நாளைக்குள் பெயர் கொடுக்க வேண்டும். வரவில்லை என்றால் ஒட்டாத ஆள் என்று நினைத்துவிடுவார்களோ என்று பயம். மலைமேல் ஏற்றிவிடும் லிஃப்ட் டிக்கெட்டே தலைக்கு முன்னூறு டாலர் பக்கம் காட்டுகிறது. மகளுக்கு 6 வயது. பனியைத் தூரத்து மலையில்தான் பார்த்திருக்கிறோம். எந்த ஜாக்கெட் வாங்குவது? சீக்கிரம் சொல்லுங்கள்.

பர்னபி_வாசி:
ஜாக்கெட்டை விடுங்கள், பேண்ட்தான் முக்கியம். ஜீன்ஸோடு விழுந்து எழுந்தால் மதியத்துக்குள் பலகை மாதிரி விறைத்துவிடும். தண்ணீர் புகாத ஸ்னோ பேண்ட், உள்ளே தெர்மல், காலுக்கு இரண்டு ஜோடி கம்பளி சாக்ஸ்.

ஸ்கார்பரோ_மாமா:
தம்பி, நான் 89இல டொரோண்டோவுக்கு வரேக்க ஆர் எனக்கு ஜாக்கெட் தந்தது? இரவு முழுக்கக் கோப்பை கழுவிப்போட்டு விடியப்புறம் பஸ்ஸுக்கு நிண்டனான். உங்கட வான்கூவர் குளிர் ஒரு குளிரே? காசு குடுத்து மலையில ஏறி விழுறதுக்கு இவ்வளவு அவதியோ?

கோக்விட்லம்_அக்கா:
அண்ணா, அவர் கேட்டது விஸ்லர். சாக்ஸ் ஒரே ஜோடி போதும், மெல்லியதாக, முழங்கால் வரை. இரண்டு போட்டால் ஸ்கீ பூட்ஸ் இறுக்கி ரத்த ஓட்டம் குறைந்து விரல் இன்னும் ஜில்லிடும். அந்த பூட்ஸ் கணுக்காலை மடக்கவே விடாது. பார்க்கிங்கில் குதிகாலை முதலில் ஊன்றித் தத்தித் தத்தித்தான் நடக்க வேண்டும்.

பர்னபி_வாசி:
நான் இரண்டுதான் போடுகிறேன், ஒன்றும் ஆகவில்லை. ஸ்கீயிங் வகுப்புக்கும் பணம் கொட்டாதீர்கள். ஆபீஸ் நண்பர் யாராவது சொல்லித் தருவார்.

கோக்விட்லம்_அக்கா:
எந்த நண்பர்? மேலே கூட்டிப்போய் நிறுத்திவிட்டு, கீழே இருந்துகொண்டு "முட்டியை மடக்கு" என்று கத்துவாரே, அவரா? வகுப்பு கட்டாயம் எடுங்கள். சறுக்கும் பாதையின் அறிவிப்புப் பலகையில் பச்சை வட்டம் இருந்தால் உங்களுக்கு. நீலச் சதுரம் பழகினவர்களுக்கு. கறுப்பு வைரம் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள்.

ரிச்மண்ட்_மழை:
மேலே ஒரு சூப்பும் ஃப்ரைஸும் வாங்கின காசில் வீட்டுக்கு ஒரு வாரக் காய்கறி வாங்கலாம். அதிலும் சைவம் என்றால் ஃப்ரைஸ்தான் கதி. பேஸ்மென்ட் வாடகை விற்கிற விலையில் இதெல்லாம் தேவையா? கீழே வில்லேஜ் 675 மீட்டர் உயரம்தான், பல நாள் அங்கே வெறும் மழை.

ஸ்கார்பரோ_மாமா:
வாடகையைப் பற்றிக் கதைக்க வேண்டாம். நாங்கள் ஒரு அறையில ஆறு பேர் கிடந்தனாங்கள்.

ஸ்குவாமிஷ்_சாலை:
கொஞ்சம் நிறுத்துங்கள் எல்லாரும். வைகைக்கரை, முதலில் இதைச் சொல்லுங்கள். கனடா எப்போது வந்தீர்கள்? எம்எஸ்பி, அதாவது மாகாண மருத்துவக் காப்பீடு, தொடங்கிவிட்டதா? யார் கார், என்ன டயர், எந்த லைசென்ஸ்?

வைகைக்கரை:
போன மாதம் 20ஆம் தேதி வந்தோம். எம்எஸ்பிக்கு விண்ணப்பித்தாயிற்று, கார்டு வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் கார் தருகிறார், டயரைப் பார்க்கவில்லை. லைசென்ஸ் தமிழ்நாடு.

ஸ்குவாமிஷ்_சாலை:
இதை முதலிலேயே சொல்லியிருந்தால் ஜாக்கெட் பேச்சே வந்திருக்காது. வந்த மாதத்தின் மிச்ச நாட்களும் அடுத்த இரண்டு மாதமும் போனால்தான் எம்எஸ்பி தொடங்கும். அதுவரை கால் முறிந்தால் மருத்துவமனை பில் முழுக்க உங்கள் தலையில். இன்றைக்கே தனியார் இன்சூரன்ஸ் எடுங்கள். ஸ்கீயிங் சேருமா என்று வாய்விட்டுக் கேளுங்கள், விளையாட்டுக் காயத்தை ஒதுக்கும் பாலிசிகள் உண்டு.

காரை மறந்துவிடுங்கள். ஊர் லைசென்ஸ் குடியேறிய முதல் 90 நாள் செல்லும்தான். ஆனால் விஸ்லர் போகும் 99ஆம் நெடுஞ்சாலையில் அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை குளிர்கால டயர் கட்டாயம். பக்கவாட்டில் மலையும் பனிப்படிகமும் உள்ள சின்னமோ எம்+எஸ் எழுத்தோ இருக்க வேண்டும், பள்ளம் 3.5 மில்லிமீட்டராவது வேண்டும். முதல் பனி டிரைவிங்கை இரவல் காரில் பழக வேண்டாம். டவுன்டவுனிலிருந்து பஸ் உண்டு, சுமார் 120 கிலோமீட்டர், இரண்டு மணி நேரம் வையுங்கள்.

டிக்கெட்டை அன்றைக்குக் கவுன்டரில் வாங்குவதுதான் அதிக விலை. முன்கூட்டி ஆன்லைனில் பாருங்கள். கனடாவில் வசிப்பவர்களுக்குச் சலுகை ஏதாவது இருக்கிறதா என்றும் பாருங்கள். அப்புறம், எல்லாரும் சறுக்கியே ஆக வேண்டும் என்றில்லை. இன்சூரன்ஸில் ஸ்கீயிங் சேர்ந்தால் மகளைக் குழந்தைகள் வகுப்பில் விடுங்கள். நீங்கள் இருவரும் சுற்றிப்பார்க்கும் டிக்கெட்டில் பீக் டு பீக் கொண்டோலாவில், அதாவது கம்பிவடத்தில் தொங்கி ஓடும் பெட்டியில், போகலாம். 2008இல் திறந்தது, விஸ்லர், பிளாக்கோம்ப் இரண்டு மலைக்கும் நடுவே 4.4 கிலோமீட்டர். டியூபில் உட்கார்ந்து சறுக்கவும் தனி இடம் உண்டு. ஸ்கீயிங் ஆசை இருந்தால் எம்எஸ்பி வந்த பிறகு சீமோர் மலையில் தொடங்குங்கள், வான்கூவர் பக்கத்திலேயே இருக்கிறது.

வைகைக்கரை:
ரொம்ப நன்றி. பெயர் கொடுத்துவிட்டேன், பஸ்தான். மனைவி கண்ணாடி போடுவார். காகிள்ஸ் எப்படி?

கோக்விட்லம்_அக்கா:
கண்ணாடிக்கு மேலே போடுவதற்கென்றே ஓடிஜி என்று ஒரு வகை உண்டு. ஹெல்மெட்டையும் சேர்த்து மாட்டிப் பார்த்துவிட்டு எடுக்கச் சொல்லுங்கள், நெற்றியில் இடைவெளி இருக்கக் கூடாது.