குழந்தையில் பெற்ற ஞானஸ்நானம் போதாது என்கிறார்கள்: எந்தச் சபையில் சேர்வது?

கல்லடி வாசகி:
அனைவருக்கும் வணக்கம். நான் கல்முனையில் ஒரு மெதடிஸ்த குடும்பத்தில் பிறந்து, ஐந்து மாதக் குழந்தையாக இருக்கும்போதே ஞானஸ்நானம் பெற்றவள். இப்போது தொழில் நிமித்தம் கல்லடியில் வாடகைக்கு இருக்கிறேன். சென்ற வருடம் அப்பா வைத்தியசாலையில் இருந்த பதினொரு இரவும் அருகிலுள்ள ஜெபவீட்டார் வந்து ஜெபித்து, சோறும் தந்தார்கள். அன்று முதல் அங்கேயே போய் வருகிறேன். அங்கத்தவராகச் சேர விரும்பியபோது, முழுக்கு ஞானஸ்நானம் (விசுவாசித்தவர் தண்ணீரில் முழுவதும் மூழ்கிப் பெறுவது) எடுக்க வேண்டும் என்றார்கள். அம்மா தகரப்பெட்டியில் வைத்திருந்த, ஓரம் செல்லரித்த அத்தாட்சிப் பத்திரத்தைக் காட்டினேன். பாஸ்டர் அதை முழுவதும் வாசித்து, பழைய மடிப்பிலேயே மடித்துத் தந்து, "இது உங்கள் பெற்றோரின் விசுவாசம்" என்றார். அதை என் மனம் ஏற்கவில்லை. அவர்களை விட்டுவரவும் மனமில்லை. நான் எங்கே சேர்வது?

புளியந்தீவு மூத்தவர்:
மகள், பாட்டும் ஜெபமும் பிடிக்கிறதா என்பதைப் பிறகு பார்க்கலாம். ஞானஸ்நானம் பற்றி உங்களுக்கு உறுதியான எண்ணம் இருப்பதால் அதிலிருந்தே தொடங்குங்கள். சபைகள் பொதுவாக ஏற்கும் பழைய விசுவாச அறிக்கையான நைசீன் விசுவாசப் பிரமாணத்தில் 'ஒரே ஞானஸ்நானம்' என்று அறிக்கையிடுகிறோம். ஆகையால் மெதடிஸ்த, அங்கிலிக்கன், கத்தோலிக்க சபைகள் மூன்றும், பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் பெயரால் தண்ணீரில் கொடுத்த ஞானஸ்நானத்தை, குழந்தையில் பெற்றிருந்தாலும், மறுபடி கொடுப்பதில்லை. சொந்த விசுவாசத்துக்கு மெதடிஸ்தத்தில் இடமில்லை என்றும் எண்ண வேண்டாம். மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லி குழந்தையில் ஞானஸ்நானம் பெற்று, குருவாகவும் அபிஷேகம் பெற்ற பிறகு, 1738 மே 24 அன்று, 34 வயதில்தான், கிறிஸ்துவை மட்டுமே நம்பும் நிச்சயம் தனக்குக் கிடைத்ததாக எழுதினார். அதற்காக அவர் திரும்பத் தண்ணீரில் இறங்கவில்லை. 1814இல் மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் இந்த மட்டக்களப்பு வாவிக்கரைக்குக் கொண்டுவந்ததும் அந்த உபதேசத்தையே.

ஆரையம்பதி சகோதரன்:
அக்கா, நான் பெந்தெகொஸ்தே சபையைச் சேர்ந்தவன். பாஸ்டர் உங்களை அவமதித்ததாகக் கொள்ள வேண்டாம். மாற்கு 16:16இல் விசுவாசம் முன்னும் ஞானஸ்நானம் பின்னும் வருவதால் அந்த வரிசையை நாங்கள் மாற்றுவதில்லை. எங்கள் கணக்கில் நீங்கள் எடுக்கப்போவது முதலாவது ஞானஸ்நானம். கத்தோலிக்கனாகப் பிறந்த நானும் அப்படியே முழுக்கு எடுத்தேன். ஆனால், பதினொரு இரவுச் சோற்றுக்கு நன்றிக்கடனாக இறங்கிவிடாதீர்கள். எங்கள் உபதேசப்படியும் அது ஞானஸ்நானம் ஆகாது. அங்கத்தவராகாமல் ஜெபத்துக்கு வரலாமா, திருவிருந்தில் (அப்பமும் இரசமும் பகிர்வதில்) பங்குபெறலாமா என்று பாஸ்டரிடமே நேரடியாகக் கேளுங்கள்.

வாழைச்சேனை வாசகர்:
இன்னொன்றையும் கேளுங்கள், தங்கச்சி. காணிக்கைக் கணக்கைப் பார்ப்பது யார்? மெதடிஸ்த போதகர்கள் சில வருடங்களுக்கு ஒருமுறை இடம் மாற்றப்படுவார்கள். சுயாதீன சபைகளிலோ தொடங்கியவரே கடைசிவரை இருப்பது வழக்கம். அவரோடு ஒத்துப்போகாத நாள் வந்தால் முறையிட மேலிடம் உண்டா என்பதையும் இப்போதே அறிந்துகொள்வது நல்லது. (இதை நான் பிந்தித்தான் கேட்டேன்.)

கல்லடி வாசகி:
மூவருக்கும் நன்றி. பாஸ்டரிடம் கேட்டேன். ஜெபத்துக்கு எப்போதும் வரலாம், திருவிருந்து மட்டும் முழுக்கு எடுத்தவர்களுக்கே என்றார், கோபிக்கவில்லை. கணக்கைப் பற்றிக் கேட்க வாய் வரவில்லை. ஞாயிறு காலையில் பாலம் கடந்து புளியந்தீவு ஆலயத்துக்கும், புதன் மாலையில் ஜெபவீட்டுக்கும் போவதாக இருக்கிறேன். பத்திரத்தை லெமினேட் செய்யக் கொடுத்திருக்கிறேன்.