இடம்பெயர்வா, பெயர்ப்பா, நடவா?

வணக்கம்.

பழைய கணினியில் இருக்கும் கோப்புகளையும் மென்பொருள்களையும் புதியதற்குக் கொண்டுபோகும் வேலையை ஆங்கிலத்தில் மைக்ரேஷன் என்கிறார்கள். அதற்குத் தமிழில் ‘இடம்பெயர்வு’ என்றே வைத்துக்கொள்ளலாம் என்று இந்தக் கலைச்சொல் உரையாடலில் புதுவை ஐயா எழுதியிருந்தார். எனக்கு அது நெருடுகிறது. பெயர்வது தன்வினை, பெயர்ப்பது பிறவினை. கோப்பு தானாக மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பாது; நாம்தான் பெயர்க்கிறோம். மொழிபெயர்ப்பு போல இடம்பெயர்ப்பு என்று சொன்னால் இலக்கணம் சரியாகிவிடும். ஆனாலும் அந்தச் சொல்லைக் கேட்டதும் கடலூர்க்காரனுக்கு 2011-இல் அடித்த ‘தானே’ என்ற புயலும் 2015 வெள்ளமும்தான் நினைவுக்கு வரும். ஒரு பென்டிரைவ் வேலைக்கு அவ்வளவு துயரம் வேண்டாமே. ‘வலசை’ அழகுதான், ஆனால் வலசை போன பறவை திரும்பி வரும்.

அதைவிடப் பெரிய சிக்கல், ஒரே சொல்லுக்குள் இரண்டு வேலைகளை அடைப்பது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் டிடிபி (கணினி அச்சுக்கோப்பு) கடை வைத்திருக்கிறேன். 2025 அக்டோபர் 14-இல் விண்டோஸ் 10-க்கான ஆதரவு நின்றதிலிருந்து இந்த வேலையாக ஆட்கள் வந்தபடி இருக்கிறார்கள். திருப்பாதிரிப்புலியூரிலிருந்து ஒரு பெரியவர் “கணக்கு மென்பொருள் இதிலேயே இருக்கு தம்பி” என்று பென்டிரைவை நீட்டினார். திறந்தால் மென்பொருளைத் திறக்கும் குறுக்குவழிப் படம் (ஷார்ட்கட்) மட்டும், ஒன்றிரண்டு கிலோபைட். கதவு எண்ணை எழுதி எடுத்துவந்துவிட்டு வீட்டையே கொண்டுவந்ததாக நினைத்திருக்கிறார். முழுக் கோப்புறையை நகலெடுத்திருந்தாலும் பெரும்பாலும் ஓடியிருக்காது. மென்பொருளின் வேர்கள், விண்டோஸ் தன் குறிப்புகளை வைத்திருக்கும் ரெஜிஸ்ட்ரியிலும் வேறு கோப்புறைகளிலும் ஓடிக் கிடக்கின்றன.

எனக்கும் ஒருமுறை கைசுட்டது. பத்திரிகைக் கோப்புகளைப் புதுக் கணினிக்கு மாற்றினேன், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருக்கும் பழைய பாமினி எழுத்துருவை மறந்துவிட்டேன். ‘அம்மா’ இருந்த இடத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச்! கோப்பு கெடவில்லை, எழுத்துருதான் கூட வரவில்லை.

எனவே என் கருத்து இதுதான். கோப்பு நெல்மூட்டை, எங்கே இறக்கினாலும் நெல்தான். அதற்கு நகலெடுத்தல், நகர்த்தல் என்று புழக்கத்தில் உள்ள சொற்களே போதும். மென்பொருள் நாற்று. புதிதாக நிறுவினால் அது நேரடி விதைப்பு, பழைய அமைப்புகள் (செட்டிங்ஸ்) எதுவும் கூட வராது. அமைப்புகளோடும் உரிமத்தோடும் கொண்டுவந்தால்தான் நடவு: வேரோடு பறித்து, சேற்றை அலசி, முடி கட்டி, வேறு வயலில் ஊன்றுவது. நட்ட நாற்று சில நாள் வெளிறி நின்ற பிறகுதான் பச்சை பிடிக்கும்; மென்பொருளும் முதல் நாள் அப்படித்தான் முரண்டும். விண்டோஸ் 7-இல் இருந்த ஈஸி டிரான்ஸ்ஃபர் என்ற கருவி கோப்புகளையும் அமைப்புகளையும் கொண்டுபோகும், மென்பொருளைக் கொண்டுபோகாது. ஆப்பிளின் மேக் கணினியில் உள்ள மைக்ரேஷன் அசிஸ்டென்ட் மென்பொருளையும் கொண்டுபோகும். இந்த வேறுபாட்டை ‘இடம்பெயர்வு’ காட்டுமா?

அதனால் மென்பொருளைக் கொண்டுபோவதற்கு ‘பெயர்நடவு’ என்று முன்மொழிகிறேன். ‘மறுநிறுவல் போதாதா’ என்று கேட்பீர்கள். மறுநிறுவல் என்பது மறுபடி விதைப்பதுதானே?

நகரத்துப் பிள்ளைகளுக்கு நடவு புரியாது என்ற மறுப்பில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. பொத்தானில் ‘பெயர்த்து நடு’ என்று எழுதிக் காட்டியபோது என் கடைப் பையன் விழுந்து விழுந்து சிரித்தான். அப்புறம் போன வாரம் ஒருவரிடம் அவனே போனில் சொல்லிக்கொண்டிருந்தான்: “நட்டாச்சு சார், சாயங்காலம் வந்து எடுத்துக்குங்க.”

அன்புடன்,
மஞ்சக்குப்பத்திலிருந்து