கம்யூனிட்டி காலேஜில் ஜர்னலிசம்: யூனிட் 31 டாலரா, 46 டாலரா?

குப்பர்டினோ அம்மா: "கம்யூனிட்டி காலேஜில் ஜர்னலிசம் படிப்பதும் வீட்டில் சும்மா இருப்பதும் ஒன்று" என்று மில்பிடாஸ் மாமா இன்னொரு இழையில் எழுதியிருக்கிறார். என் மகள் டி ஆன்சா என்ற இரண்டு வருஷ அரசுக் கல்லூரியில் அதைத்தான் படிக்கிறாள். யூனிட்டுக்கு, அதாவது பாட அளவு ஒன்றுக்கு, 31 டாலர். யாருக்கும் கடன் வைக்கவில்லை.

மில்பிடாஸ் மாமா: 31 இல்லை, 46. கலிபோர்னியா முழுக்க 2012-லிருந்து அதுதான். ஃபீஸே தெரியாமல் தரத்தைப் பற்றிப் பேச வந்துவிட்டீர்கள்.

குப்பர்டினோ அம்மா: ரசீது கையில் இருக்கிறது. 31.

மில்பிடாஸ் மாமா: மாநில அரசு வைத்த கட்டணம் அம்மா. காலேஜுக்கு ஒரு ரேட் கிடையாது. 46.

சாக்ரமெண்டோ சிவா: வருஷத்தை இரண்டு பருவமாகப் பிரிக்கும் காலேஜில் செமஸ்டர் யூனிட் 46, மூன்றாகப் பிரிக்கும் காலேஜில் குவார்ட்டர் யூனிட் 31. டி ஆன்சா குவார்ட்டர் முறை. அதே பட்டத்துக்கு 60 செமஸ்டர் யூனிட் என்றால் 2,760 டாலர், 90 குவார்ட்டர் யூனிட் என்றால் 2,790. இதற்கா இவ்வளவு?

மில்பிடாஸ் மாமா: உங்களை யார் பஞ்சாயத்துக்குக் கூப்பிட்டது? போன வருஷம் வீட்டுக்கடன் இழையிலும் இப்படித்தான் நடுவில் புகுந்து குழப்பினீர்கள். நான் மறக்கவில்லை.

குப்பர்டினோ அம்மா: அங்கே மாணவர் பத்திரிகை 'லா வோஸ்' நடத்துவதே ஒரு வகுப்பு. போன வாரம் நிர்வாகக் குழுக் கூட்டம் முடிந்து வந்தவள், ஒரே ஒரு மேற்கோளுக்காக ரெக்கார்டிங்கைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள். "கட்டணம் உயரும்" என்றாரா, "உயரலாம்" என்றாரா என்று. இதுவா சும்மா இருப்பது?

சாக்ரமெண்டோ சிவா: நிர்வாகத்துக்குச் செய்தி பிடிக்கவில்லை என்பதற்காக எழுதிய மாணவரைத் தண்டிக்கவும் முடியாது. கலிபோர்னியா கல்விச் சட்டம், பிரிவு 66301. அப்புறம் ஜர்னலிசத்தில் இரண்டு வருஷ டிரான்ஸ்ஃபர் பட்டம் முடித்தால், கால் ஸ்டேட் என்கிற கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் நேராக மூன்றாம் ஆண்டு.

மில்பிடாஸ் மாமா: ஏதோ ஒரு கால் ஸ்டேட்டில். பக்கத்தில் இருக்கும் சான் ஹோசே கால் ஸ்டேட்டில்தான் கிடைக்கும் என்று எழுதிக் கொடுப்பார்களா? அதைச் சொல்ல மாட்டீர்களே! பத்திரிகைகள் ஒவ்வொன்றாக மூடுகிற காலத்தில் எங்கே வேலை? என் பையன் பெர்க்லி. யாரிடமும் போய் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

சாக்ரமெண்டோ சிவா: ஃபுட்ஹில்லில் ரெண்டு வருஷம் படித்துவிட்டுத்தானே பெர்க்லி போனான்? அதுவும் கம்யூனிட்டி காலேஜ்தான் சார்.

மில்பிடாஸ் மாமா: அவன் படித்தது கம்ப்யூட்டர் சயின்ஸ். அது வேறு. வீட்டுப் பிள்ளையை இதில் இழுக்காதீர்கள்.

குப்பர்டினோ அம்மா: என் மகளை இழுத்தபோது இது தெரியவில்லையா? ஃபுட்ஹில்லும் குவார்ட்டர் முறைதான். அவனுக்கு யூனிட்டுக்கு எவ்வளவு கட்டினீர்கள்?

மில்பிடாஸ் மாமா: அதெல்லாம் என் மனைவி பார்த்துக்கொண்டது. மாநிலக் கட்டணம் 46. வேண்டுமானால் உங்கள் ரசீதைப் போடுங்கள், எந்த வருஷத்து ரசீது என்று நானும் பார்க்கிறேன்.