கொரியா: ஹாக்வானா, அரசுப் பள்ளியா? ஒப்பந்தம் படித்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். கனடா பாஸ்போர்ட், பி.ஏ., 120 மணி டெஃபல் (ஆங்கிலம் கற்பிப்பதற்கான பயிற்சிச் சான்று). இ-2 விசாவில் (வெளிநாட்டு மொழி ஆசிரியர்களுக்கானது) ஆங்கிலம் கற்பிக்கத் தென்கொரியா போகத் திட்டம். கையில் பூசானில் ஒரு ஹாக்வான் (தனியார் டியூஷன் மையம்) ஒப்பந்தம். இன்னொரு பக்கம் எபிக் (அரசுப் பள்ளிகளுக்கு வெளிநாட்டு ஆங்கில ஆசிரியர்களை எடுக்கும் கொரிய அரசுத் திட்டம்) விண்ணப்பம்.

எபிக்கில் வாரம் 22 வகுப்பு, மாலை நாலரைக்கு வீடு. ஆனால் ஊரை அவர்கள்தான் முடிவு செய்வார்கள், பிப்ரவரி அல்லது ஆகஸ்டில்தான் சேர முடியும். ஹாக்வானில் எப்போது வேண்டுமானாலும் சேரலாம், ஊர் நம் விருப்பம். வேலை மதியம் 1 முதல் இரவு 9 வரை.

இடிப்பது ஒப்பந்தம்தான். "வாரம் 30 மணி நேரம் கற்பித்தல்" என்று இருக்கிறது. 60 நிமிடக் கணக்கென்றால், 40 நிமிட வகுப்பில் அது 45 வகுப்பு! இன்னொரு வரி, சம்பளத்தில் 3.3% வரி பிடித்தமாம். அது தனித்தொழில் செய்பவருக்கான பிடித்தம். அப்படிக் காட்டினால் ஓய்வூதியத்திலும் மருத்துவக் காப்பீட்டிலும் முதலாளி போட வேண்டிய பாதி போய்விடும், ஓராண்டு முடிவில் பணிக்கொடையாக வர வேண்டிய ஒரு மாதச் சம்பளத்துக்கும் இழுபறி. கனடாக்காரர்களுக்கு நாடு திரும்பும்போது ஓய்வூதியப் பணம் மொத்தமாகக் கிடைக்கும் என்பதால் இது சின்னத் தொகை இல்லை.

தெரிந்தவர்கள் சொல்லுங்கள்:
அந்த 3.3% வரியை எடுக்கச் சொன்னால் ஹாக்வான்கள் இறங்கி வருகிறார்களா?
பாதியில் விலகினால் விடுவிப்புக் கடிதம் (வேறு இடத்தில் வேலைக்குச் சேர முதலாளி தரும் சம்மதம்) தருவதாக முன்கூட்டியே எழுதி வாங்க முடியுமா?
ஆர்சிஎம்பி (கனடா மத்திய காவல்துறை) தரும் கைரேகைச் சான்றுக்கு அப்போஸ்டில் முத்திரை (ஆவணத்தை வெளிநாட்டில் ஏற்கச் செய்யும் சான்று) இப்போது எத்தனை வாரத்தில் வருகிறது? எபிக் கெடு நெருங்குகிறது.