ஐபோனில் அழித்த மெயில்கள் போகவில்லை, கடை மெயில்பெட்டி 99 சதவீதத்திலேயே நிற்கிறது

திண்டுக்கல் அச்சகம் (வெள்ளி, இரவு 10:40)

வணக்கம். திண்டுக்கல்லில் 19 வருடமாக ஆஃப்செட் அச்சகம் நடத்துகிறேன். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், பில் புக் எல்லாம் அடிக்கிறோம். கடைக்கென்று சொந்த டொமைனில் ஒரு மெயில் முகவரி இருக்கிறது. ஹோஸ்டிங்காரர் அதற்கு 1 ஜிபி இடம் கொடுத்திருக்கிறார். நான் ஐபோனில், ஃபோனோடு வந்த மெயில் ஆப்பில் பார்ப்பேன். டிசைனர் பையன் அதே மெயிலைக் கடை கம்ப்யூட்டரில் தண்டர்பேர்டு என்ற மெயில் மென்பொருளில் பார்ப்பான்.

போன வாரம் வத்தலக்குண்டுப் பக்கத்துக் கோயில் கமிட்டிக்காரர் ஒருவர் கும்பாபிஷேகப் பத்திரிகைக்குத் திருத்தம் போட்டு மெயில் அனுப்பியிருக்கிறார். எனக்கு அது வரவே இல்லை. 'மெயில்பாக்ஸ் ஃபுல்' என்று அவருக்கே திரும்பிப் போயிருக்கிறது, அதில் 5.2.2 என்று ஒரு எண்ணும் இருந்தது. வெளியூர் அலைச்சலில் அவர் அதைப் பார்க்கவில்லை. திருத்தம் ஒன்றும் இல்லை போல என்று நான் பிளேட் போட்டு 2,000 பத்திரிகை அடித்துவிட்டேன். யாகசாலை பூஜை நேரம் ஒன்று தப்பு. உபயதாரர் பெயர் இரண்டு விட்டுப்போய்விட்டது. என் செலவில் திரும்ப அடித்துத் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். காசு போனால் சம்பாதித்துக்கொள்ளலாம். ஆனால் அந்த இரண்டு பேரில் ஒருவர் கோபுரத்துக்குக் கலசம் கொடுத்தவர். அவர் பெயர் இல்லாத பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றது மனசை விட்டுப் போகவில்லை.

அன்றிலிருந்து இரண்டு ராத்திரி உட்கார்ந்து, ஃபோனில் ஒவ்வொன்றாக இடது பக்கம் தள்ளித் தள்ளி 2,300 மெயில் அழித்தேன். இன்பாக்ஸ் குறைந்துவிட்டது. ஆனால் வெப்மெயிலில் போய்ப் பார்த்தால் இன்னும் 99 சதவீதம் என்றே காட்டுகிறது. அங்கே ட்ராஷ் ஃபோல்டரும் காலியாகத்தான் இருக்கிறது. இன்னொன்று, நேற்று அழித்த சில மெயில்கள் இன்று காலை இன்பாக்ஸில் திரும்ப வந்து நிற்கின்றன. 'மெசேஜை நகர்த்த முடியவில்லை' என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஓர் அறிவிப்பும் அடிக்கடி வருகிறது.

அழித்தது எல்லாம் எங்கேதான் போகிறது? முகூர்த்த மாதம் வருகிறது. இன்னொரு மெயில் திரும்பிப் போகக்கூடாது.

சேலத்துக்காரர் (வெள்ளி, இரவு 11:15)

எனக்கும் மெயில் ஆப் ஃபோனில் 4 ஜிபி பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அக்கவுண்டை ஃபோனிலிருந்து எடுத்துவிட்டு மறுபடி சேர்த்தேன், சட்டென்று குறைந்துவிட்டது. அப்படிச் செய்து பாருங்கள்.

அஞ்சல் அறை (சனி, காலை 6:50)

திண்டுக்கல் அண்ணா, சேலத்து நண்பர் சொன்னது ஃபோனில் இடம் போதாதவர்களுக்குச் சரி. உங்கள் அடைப்பு ஃபோனில் இல்லை, ஹோஸ்டிங்காரரின் சர்வரில் இருக்கிறது. அக்கவுண்டை எடுத்துச் சேர்த்தால் அதே 99 சதவீதம்தான் திரும்ப வரும். நான் கோயம்புத்தூரில் 11 வருடமாக மெயில் சர்வர் பார்க்கிறேன். இந்தக் கேள்வி வாரம் ஒருவரிடமிருந்தாவது வரும். ஒரு பத்திரிகையே தப்பாகப் போயிருக்கிறது என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

உங்கள் அக்கவுண்ட் ஐமேப் முறையில் ஓடுகிறது, அதாவது மெயில் சர்வரிலேயே இருக்கும், ஃபோனும் கம்ப்யூட்டரும் அதையே காட்டும். அதனால்தான் நீங்கள் பார்ப்பதையே பையனும் பார்க்கிறான். அதில் ஃபோனில் 'டெலீட்' தொட்டால் மெயில் அழிவதில்லை, இன்பாக்ஸிலிருந்து இன்னொரு ஃபோல்டருக்கு இடம் மாறுகிறது. அந்த ஃபோல்டரும் சர்வரில்தான் இருக்கிறது, அதே 1 ஜிபிக்குள்தான் கணக்கு. கடையில் வேஸ்ட் பேப்பரை மிஷின் பக்கத்திலிருந்து எடுத்து மாடிப்படிக்குக் கீழே போட்டதுபோல. கடை காலியாகவில்லை.

வெப்மெயிலில் ட்ராஷ் ஏன் காலி? அது வேறு ஃபோல்டர் என்பதால். உங்கள் வெப்மெயில் தன் குப்பைக்கு 'ட்ராஷ்' என்று பெயர் வைத்திருக்கிறது. ஐபோன் பல சர்வர்களில் 'டெலீட்டட் மெசேஜஸ்' என்று தனக்கென ஒன்றை உண்டாக்கிக்கொள்ளும். ஆக, ஒரே மெயில்பெட்டிக்கு இரண்டு குப்பைத்தொட்டி. எது குப்பை, எது அனுப்பியது என்று சர்வரே ஆப்புக்குச் சொல்லும் முறை 2011இல் வந்துவிட்டது. ஆனாலும் சர்வரில் அந்த அமைப்பு சரியாக இல்லாவிட்டால் இன்றும் இப்படித்தான் ஆகிறது. அந்த இரண்டாவது தொட்டி உங்கள் வெப்மெயிலில் மறைந்தும் இருக்கலாம். உங்கள் வெப்மெயில் ரவுண்ட்கியூப் என்ற மென்பொருளாக இருந்தால் செட்டிங்ஸில் ஃபோல்டர்ஸ் போங்கள். டிக் இல்லாத ஃபோல்டர் பட்டியலில் தெரியாது. டிக் போட்டால் வெளியே வரும். அங்கேயே ஒவ்வொரு ஃபோல்டரையும் திறந்து அதன் அளவைக் கேட்டுப் பார்க்கலாம்.

திரும்பி வரும் மெயில்களுக்கு வருகிறேன். பல சர்வர்களில் நகர்த்துவது என்றால் முதலில் குப்பையில் ஒரு நகல் எடுத்து, அப்புறம் இன்பாக்ஸில் இருப்பதை நீக்குவது. பெட்டி நிரம்பிவிட்டால் அந்த நகலுக்கே இடம் கிடையாது. அதனால் மொத்த வேலையும் நின்று, மெயில் இருந்த இடத்துக்கே வந்துவிடும். நீங்கள் அழிக்க அழிக்க அது வந்தது இதனால்தான் அண்ணா. உங்கள் கையில் தப்பு இல்லை.

எனவே முதலில் குப்பையைக் காலி செய்யுங்கள், இன்பாக்ஸை அப்புறம் பார்க்கலாம்.

அதற்கும் முன்னால் ஒரு வேலை. கடை கம்ப்யூட்டரில் தண்டர்பேர்டைத் திறந்து, 'லோக்கல் ஃபோல்டர்ஸ்' என்பதன் கீழ் புதிதாக ஒரு ஃபோல்டர் போட்டு, வேண்டிய மெயிலை எல்லாம் அதற்குள் காப்பி செய்யச் சொல்லுங்கள். அது கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்கில் உட்காரும், சர்வர் கணக்கில் வராது. குப்பையைக் காலி செய்த பிறகு அவசரத்துக்கு எடுத்துத் தர எங்களால் பெரும்பாலும் முடியாது. அழுதுகொண்டு கூப்பிட்டவர்களிடம் இல்லை என்று சொல்லியிருக்கிறேன்.

நகல் எடுத்தாயிற்று என்றால், ஐபோனில் மெயில்பாக்ஸ் பட்டியலில் கீழே இறங்கி அந்த 'டெலீட்டட் மெசேஜஸ்' ஃபோல்டரைத் திறங்கள். மேலே எடிட், பிறகு செலக்ட் ஆல், பிறகு டெலீட். புது ஃபோன்களில் எடிட் இருந்த இடத்தில் செலக்ட் என்று இருக்கும். ஆயிரக்கணக்கில் இருந்தால் ஃபோன் திணறும். வெப்மெயிலில் அந்த ஃபோல்டரைத் திறந்து மொத்தமாகத் தேர்ந்தெடுத்து, ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு டெலீட் தட்டுங்கள். ட்ராஷுக்குப் போகாமல் நேரே அழியும். வெறும் டெலீட் தட்டினால் ஒரு குப்பையிலிருந்து இன்னொரு குப்பைக்குத்தான் போகும். அழித்த பிறகும் சதவீதம் இறங்கவில்லை என்றால் ஃபோல்டர் மெனுவில் 'காம்பாக்ட்' கொடுங்கள். ஐமேப்பில் மெயிலுக்கு 'அழிக்கப்பட்டது' என்று முத்திரை குத்துவது ஒரு கட்டளை, முத்திரை குத்தியதைத் துடைத்து எடுப்பது இன்னொரு கட்டளை. இரண்டாவது நடக்காவிட்டால் கண்ணுக்குத் தெரியாமல் இடத்தை அடைத்துக்கொண்டே இருக்கும்.

கடைசியாக ஐபோன் அமைப்பு. செட்டிங்ஸ், அதில் ஆப்ஸ், அதில் மெயில், பிறகு மெயில் அக்கவுண்ட்ஸ். பழைய ஐஓஎஸ்ஸில் ஆப்ஸ் என்ற படி இருக்காது, நேரே மெயில். உங்கள் அக்கவுண்டைத் தொட்டு உள்ளே போய் 'அட்வான்ஸ்டு' வரை இறங்குங்கள். 'டெலீட்டட் மெயில்பாக்ஸ்' என்ற இடத்தில் சர்வரில் இருக்கும் ட்ராஷைத் தேர்ந்தெடுங்கள், இனி தொட்டி ஒன்றுதான். கீழே 'ரிமூவ்' என்று இருக்கும், அழித்த மெயில் எவ்வளவு நாள் கழித்துத் தானாகப் போகவேண்டும் என்பது அது. நெவர், ஒரு நாள், ஒரு வாரம், ஒரு மாதம் என்று நான்கு உண்டு. உங்களுக்கு ஒரு வாரம் போதும்.

எந்த ஃபோல்டர் எவ்வளவு இருந்தது என்று பார்த்துச் சொல்லுங்கள். குப்பை மட்டும் காரணமா என்று எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது.

கணக்கு மேசை (சனி, காலை 9:20)

திண்டுக்கல் சார், நான் ஈரோட்டில் ஜிஎஸ்டி கணக்கு பார்க்கிறேன். 2,300 மெயில் அழித்தேன் என்று படித்ததும் பதறிவிட்டேன். பேப்பர் கடை, இங்க் கடை, பிளேட் கடை எல்லாம் இப்போது பில்லை மெயிலில்தான் அனுப்புகிறார்கள். ஜிஎஸ்டி சட்டத்தின் 36ஆம் பிரிவுப்படி, அந்த வருடத்து ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்யவேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் கணக்குகளை வைத்திருக்க வேண்டும். நீங்கள் உள்ளீட்டு வரி (சரக்கு வாங்கும்போது கட்டிய வரிக்கான கழிவு) எடுத்த பில் அந்தக் குப்பையில் கிடக்கலாம். குப்பையைக் காலி செய்யும் முன் 'இன்வாய்ஸ்' என்ற சொல்லையும் உங்கள் சப்ளையர்கள் பெயரையும் போட்டு அந்த ஃபோல்டருக்குள் தேடுங்கள். கிடைத்த பிடிஎஃப்களை வருடவாரியாக ஒரு பென் டிரைவில் போடுங்கள். இன்னொரு நகல் உங்கள் ஆடிட்டரிடம் இருக்கட்டும். தயவுசெய்து இதை இன்றே பாருங்கள் சார்.

திண்டுக்கல் அச்சகம் (சனி, மாலை 5:30)

தம்பி, அப்படியே இருந்தது. டிக் இல்லாமல் 'டெலீட்டட் மெசேஜஸ்' ஃபோல்டர் மறைந்து கிடந்தது. அளவு பார்த்தேன்: டெலீட்டட் மெசேஜஸ் 460 எம்பி, இன்பாக்ஸ் 110, சென்ட் 445. ஐபோனில் ரிமூவ் நெவரில் இருந்தது.

ஈரோட்டு அம்மாவுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. குப்பைக்குள் தேடியதில் 87 பில் கிடைத்தது. சிவகாசிப் பேப்பர் கடையின் பில்கள் மட்டுமே அதில் பாதிக்கு மேல். 'விளம்பரம் போல இருக்கிறது' என்று தள்ளிவிட்டிருக்கிறேன். எல்லாம் எடுத்துவைத்த பிறகுதான் காலி செய்தேன். இப்போது 54 சதவீதம்.

சென்ட் ஏன் இவ்வளவு பெரிதாக இருக்கிறது?

அஞ்சல் அறை (சனி, இரவு 8:10)

அந்தச் சந்தேகம்தான் எனக்கு இருந்தது அண்ணா. அச்சகம் மெயில் வாங்குவதைவிட அனுப்புவது அதிகம். வாடிக்கையாளர் சரிபார்க்க அனுப்பும் ஒவ்வொரு புரூஃபும் சென்ட்டில் ஒரு நகலாக நிற்கிறது. ஒரே பத்திரிகைக்கு மூன்று தடவை புரூஃப் போனால் மூன்று நகல். அதோடு மெயிலில் இணைக்கும் கோப்பு எழுத்து வடிவமாக மாறித்தான் போகும். அப்போது 3 பைட் 4 பைட்டாக ஊதிவிடும். 9 எம்பி புரூஃப் பெட்டியில் 12 எம்பிக்கும் மேல் பிடிக்கும். வெப்மெயிலில் சென்ட் ஃபோல்டரை அளவுப்படி வரிசைப்படுத்துங்கள், பெரியது மேலே வரும். வேலை முடிந்த புரூஃப்களைக் கம்ப்யூட்டரில் லோக்கல் ஃபோல்டருக்கு மாற்றிவிடுங்கள். 2,300 சின்ன மெயில் அழிப்பதைவிட 40 பெரிய மெயில் எடுப்பது மேல்.

சேலத்துக்காரர் (சனி, இரவு 8:45)

நான் சொன்னது இவருக்குப் பொருந்தவில்லை என்று இப்போது புரிகிறது. ஜிமெயில் ஆப்பிலும் இதே கதைதானா? என் மனைவியின் ஜிமெயில் நிறைந்துவிட்டது.

அஞ்சல் அறை (சனி, இரவு 9:05)

அடிப்படை அதேதான், விவரம் வேறு. இலவச 15 ஜிபியை ஜிமெயில், டிரைவ், ஃபோட்டோஸ் மூன்றும் பங்கிட்டுக்கொள்கின்றன. அதனால் முதலில் மூன்றில் எது தின்கிறது என்று பாருங்கள். பலருக்கு ஃபோட்டோஸ்தான். அழித்த மெயில் 'ட்ராஷ்' (சில ஃபோன்களில் 'பின்' என்று இருக்கும்) ஃபோல்டரில் 30 நாள் இருந்துவிட்டுத் தானாகப் போகும். அதுவரை இடம் பிடிக்கும். உடனே வேண்டுமென்றால் அந்த ஃபோல்டரைத் திறந்து மேலே இருக்கும் 'எம்ப்டி' என்பதைத் தொடுங்கள். ஆர்கைவ் செய்தால் ஒரு எம்பிகூடக் குறையாது, அது இன்பாக்ஸிலிருந்து மறைக்கும், அவ்வளவுதான். பெரிய மெயில்களைப் பிடிக்க, தேடும் இடத்தில் ஆங்கிலத்தில் லார்ஜர் என்று அடித்து, முக்காற்புள்ளி போட்டு, இடைவெளி விடாமல் 10 என்ற எண்ணும் எம் எழுத்தும் சேருங்கள். 10 எம்பிக்கு மேற்பட்டவை மட்டும் வந்து நிற்கும்.

திண்டுக்கல் அச்சகம் (திங்கள், மதியம் 1:15)

சென்ட்டில் பழைய புரூஃப்களை எல்லாம் பையன் கம்ப்யூட்டருக்கு மாற்றிவிட்டான், இப்போது சென்ட் 85 எம்பி. மொத்தம் 19 சதவீதம். ஐபோனில் தொட்டியை ஒன்றாக்கி ஒரு வாரம் வைத்துவிட்டேன். நேற்று சோதனைக்கு ஒரு மெயிலை அழித்தேன், திரும்ப வரவில்லை.

வத்தலக்குண்டுக்காரரிடம் திருத்தத்தை மறுபடி அனுப்பச் சொன்னேன். இன்று காலை 10 மணிக்கு வந்தது. அவரையே ஃபோனில் பிடித்து வரி வரியாக வாசித்துக் காட்டினேன். பூஜை நேரம் சரி. கலசம் கொடுத்தவர் பெயரில் இனிஷியல் ஒன்று மாற்றச் சொன்னார், மாற்றினோம். பிளேட் போய்விட்டது, சாயங்காலம் மிஷினில் ஏறுகிறது.